காஞ்சியின் கண்ணாடியும் பனிநாட்டுச் சுவடிகளும்

தண்டியலங்காரத்தைப் பாடமாகப் படித்தோரும் பாடமாகச் சொல்வோரும் நம்மிடையே பலர் உண்டு. பொதுவியல், பொருளணியியல், சொல்லணியியல் என மூன்று இயல்களாக அமைந்த அந்நூலுக்கு வடமொழித் தண்டியின் காவியாதரிசமே மூலம் என்று தேர்வுத்தாளில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகிறோம். பல்லவர் காஞ்சியில் பிறந்த அந்த மூலநூல் வேறு எங்கெல்லாம் சென்றது என்று நாம் கேட்பதில்லை. கன்னடத்தில் 9ஆம் நூற்றாண்டின் கவிராஜமார்க்கத்துக்கும், சிங்களத்தில் சியபஸ்லகரவுக்கும் அதுவே அடிப்படை. இவ்விரண்டையும் ஒப்பிலக்கியம் பயின்ற சிலராவது அறிவர். ஆனால் அதே நூல் இமயத்தைக் கடந்து திபெத்துக்குச் சென்று, ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் அந்நாட்டுக் கவிதையின் சட்டநூலாக விளங்கியது என்ற செய்தி நம் வகுப்பறைகளுக்கு வந்து சேரவே இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. திபெத்தைப் பற்றி நாம் அறிந்தவை பெரும்பாலும் பிறர் எழுதிய நூல்களின் வழியே வந்தவை. 1933இல் வெளிவந்த ஜேம்ஸ் ஹில்டனின் நாவல் 'ஷாங்ரி-லா' என்னும் கற்பனைப் பள்ளத்தாக்கை உலகுக்குத் தந்தது. 1956இல் லோப்சங் ராம்பா என்னும் பெயரில் வெளியான 'மூன்றாவது கண்' பல்லாயிரம் வாசகரை மயக்கியது. அதை எழுதியவர் திபெத்தையே பார்த்திராத சிரில் ஹாஸ்கின் என்னும் ஆங்கிலேயர் என்பது 1958இல் வெளியானபின்பும் நூல் விற்பனை நின்றபாடில்லை. 2001இல் சீன அரசு தன் யூனான் மாகாணத்து ஊர் ஒன்றுக்கு 'ஷாங்ரி-லா' என்றே பெயர் சூட்டியது. கற்பனை நிலப்படத்தில் ஏறிவிட்டது. நிலத்துக்குரியோரின் நூல்கள் படிக்கப்படாமலே கிடந்தன. இக்கட்டுரையில் நாம் மறுவழியில் செல்ல விரும்புகிறோம். திபெத்தியர் தாமே எழுதியும் பெயர்த்தும் சுமந்தும் காத்தும் வந்த நூல்களின் வரலாறே அம்மக்களின் வரலாற்றை நமக்கு நேராகச் சொல்லும் என்பது நம் கருத்து.

எழுத்தும் மொழிபெயர்ப்பும்

திபெத்தியர் தம் எழுத்தின் தொடக்கத்தை 7ஆம் நூற்றாண்டில், அரசர் சொங்ட்சென் கம்போவின் காலத்தில் வைக்கின்றனர். அவர் தோன்மி சம்போட்டா என்னும் அமைச்சரை இந்தியாவுக்கு அனுப்பினார் என்றும், அவர் இந்திய எழுத்தைப் பின்பற்றி 30 மெய்களும் 4 உயிர்க்குறிகளும் கொண்ட நெடுங்கணக்கை அமைத்தார் என்றும் மரபு கூறும். அமைச்சரின் கதையில் புனைவு கலந்திருக்கலாம். எழுத்து இந்தியாவிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. நூலின் வடிவமும் அவ்வாறே. திபெத்தில் பனையோ தாளிப்பனையோ இல்லை. அவர்கள் எழுதியது காகிதத்தில். எனினும் அக்காகிதத்தை ஓலைச்சுவடியைப் போலவே நீண்டு குறுகிய ஏடுகளாக நறுக்கி, கட்டாமல் அடுக்கி, இரு மரச்சட்டங்களுக்கிடையில் வைத்து, துணியால் சுற்றினர். 'பெச்சா' எனப்படும் அச்சுவடியைக் காணும் தமிழருக்கு அது அயல்பொருளாகத் தோன்றாது.

8ஆம் நூற்றாண்டில் அரசர் த்ரிசோங் தேட்சென் காலத்தில் சாம்யே மடம் எழுந்தது. இந்தியாவிலிருந்து சாந்தரட்சிதர் முதலிய ஆசிரியர்கள் வந்தனர். மொழிபெயர்ப்பு அரசுப்பணி ஆயிற்று. இந்தியப் பண்டிதர் ஒருவரும் திபெத்திய மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இணைந்து அமர்ந்து பெயர்ப்பதே முறை. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆளுக்கொரு சொல்லைக் கையாண்டால் குழப்பம் விளையும் என்று கருதிய அரசவை, எந்த வடசொல்லுக்கு எந்தத் திபெத்தியச் சொல் என்று வரையறுத்து 9,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட 'மகாவியுத்பத்தி' என்னும் கலைச்சொல் தொகுதியை உருவாக்கியது. கலைச்சொல்லாக்கம் பற்றி ஓயாது விவாதிக்கும் நாம், 1,200 ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைநாட்டு அரசு அதை ஆணையாகவே இட்டுச் செய்து முடித்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்பெருமுயற்சியின் விளைவே காங்யூர், தெங்யூர் என்னும் இரு பெருந்தொகைகள். புத்தரின் வாய்மொழியாகக் கருதப்படுவன காங்யூர். அவற்றுக்கு எழுந்த உரைகளும் சாத்திரங்களும் தெங்யூர். முன்னது நூறு தொகுதிகளுக்குச் சற்று மேல். பின்னது இருநூற்றுக்கும் மேல். 14ஆம் நூற்றாண்டில் இவ்வடைவை ஒழுங்குசெய்தவர்களில் தலையாயவர் பு-தோன் ரின்சென் த்ருப் (1290–1364). தெங்யூரில் சமயநூல்கள் மட்டும் இல்லை. மருத்துவம், இலக்கணம், அமரகோசம், ஏன், காளிதாசரின் மேகதூதமும் அதில் உண்டு. இந்தியாவில் மூலம் அழிந்துபோன பல பௌத்த நூல்கள் இன்று திபெத்திய மொழியில் மட்டுமே உயிரோடு இருக்கின்றன. நாம் தொலைத்ததை அவர்கள் வைத்திருந்தார்கள்.

இந்நூல்களை அச்சிட்ட இடங்களுள் புகழ்பெற்றது கிழக்குத் திபெத்தில் உள்ள தெர்கே. அங்கு 1729இல் தொடங்கிய அச்சுக்கூடத்தில் சித்து பண்சென் பதிப்பித்த காங்யூர் 1733இலும், தெங்யூர் 1744இலும் நிறைவுற்றன. பூர்ச்ச மரப்பலகையின் இரு புறமும் எழுத்தை இடம்வலமாக மாற்றிச் செதுக்கி, மைபூசி, ஒருவர் தாளை வைக்க மற்றவர் உருளையால் அழுத்தி எடுப்பதே அச்சுமுறை. பூச்சி அண்டாத நச்சுச்செடி ஒன்றின் வேரிலிருந்து காகிதம் செய்தனர். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுப்பலகைகள் அங்கே அடுக்கப்பட்டுள்ளன. நூலை வணங்கும் மக்கள் அக்கட்டடத்தையே கோயிலென வலம் வருகின்றனர்.

தண்டி மலையேறிய வரலாறு

இனி நம் தண்டிக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாக்ய பண்டிதர் (1182–1251) வடமொழி இலக்கணத்திலும் அணியிலும் பெரும்புலமை உடையவர். அறிஞருக்குரிய கல்வி எது என்று விளக்கித் தாம் இயற்றிய நூலில் காவியாதரிசக் கருத்துகளை முதன்முதலில் திபெத்தியருக்கு எடுத்துரைத்தார். அவர் தம்பியின் மகனும், மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் ஆசானுமாகிய பக்பாவின் (1235–1280) ஆதரவில், ஷோங்தோன் தோர்ஜே கியால்ட்சென் என்னும் மொழிபெயர்ப்பாளர் இந்தியப் பண்டிதர் இலக்குமீகரரின் துணையோடு காவியாதரிசம் முழுவதையும் திபெத்திய மொழியில் பெயர்த்தார். நூலுக்கு வழங்கிய பெயர் 'நியென்-ங்கக் மெலோங்'. 'நியென்-ங்கக்' என்பது செவிக்கினிய மொழி, அதாவது கவிதை. 'மெலோங்' என்பது கண்ணாடி. ஆதரிசம் என்னும் சொல்லுக்குக் கண்ணாடி என்ற பொருளைச் சிறிதும் பிறழாமல் பெயர்த்திருக்கிறார்கள்.

அதன்பின் நிகழ்ந்ததே வியப்பு. அணியிலக்கணம், யாப்பு, நிகண்டு, நாடகம், கணிதசோதிடம் ஆகிய ஐந்தும் 'சிறுகலைகள்' என மடங்களில் கற்பிக்கப்பட்டன. அவற்றுள் அணியிலக்கணம் என்றால் தண்டியே. அவருக்கு உரைமேல் உரை எழுந்தது. பொதலா அரண்மனையைக் கட்டத் தொடங்கிய ஐந்தாம் தலாய் லாமாவே (1617–1682) தண்டிக்கு உரை வகுத்தவர்களில் ஒருவர். நாட்டை ஆள்பவர் உவமைக்கும் உருவகத்துக்கும் இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தார் என்றால், அந்நூலுக்கு இருந்த மதிப்பை நாம் உணரலாம்.

இதில் ஒரு முரணும் உண்டு. கடலும் பருவங்களும் வருணிக்கப்பட வேண்டும் என்பது தண்டி காப்பியத்துக்குச் சொல்லும் இலக்கணங்களுள் அடங்கும். கடலையே கண்டிராத புலவர்கள் கடலை வருணித்தனர். யானையும் மயிலும் தாமரையும் பனிநாட்டுப் பாடல்களில் நிறைந்தன. நிகண்டில் பயின்ற பெயர்களை அடுக்கி, கற்றோர்க்கு மட்டுமே விளங்கும் நடை ஒன்று உருவாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் தோகர் செரிங் வாங்கியால் (1697–1763) என்னும் அமைச்சர் எழுதிய 'நிகரற்ற இளவரசன் கதை' திபெத்தின் முதல் நாவல் என்று போற்றப்படுகிறது. அதுவும் இவ்வணிநடையில் அமைந்ததே. இதைக் குறையென்று மட்டும் சொல்லிவிட முடியாது. கடன் வாங்கிய இலக்கணத்தைத் தம் மொழியின் ஓசைக்கு வளைத்து, அதிலேயே நுட்பமான கவிதைகளை அவர்கள் படைத்தனர். நம் தண்டியலங்காரம் வடநூலைத் தமிழுக்கு வளைத்ததைப் போன்ற செயலே இது.

மடத்துக்கு வெளியே ஒலித்தவை

தண்டியின் ஆட்சி எல்லாவற்றையும் விழுங்கிவிடவில்லை. அவர் வருவதற்கு முன்பே 'குர்' என்னும் பாடல்மரபு திபெத்தில் இருந்தது. அதன் உச்சம் மிலரேபா. தந்தை இறந்தபின் உறவினர் சொத்தைப் பறிக்க, தாயின் தூண்டுதலால் சூனியம் கற்றுப் பழிவாங்கியவர். பின் அக்குற்றவுணர்வு தாளாது மார்பா என்னும் குருவை அடைந்து, அவர் கட்டச் சொன்ன கோபுரங்களைக் கட்டியும் இடித்தும் பக்குவம் பெற்றவர். குகைகளில் வாழ்ந்து அவர் பாடியனவாக வழங்கும் பாடல்களையும் அவர் வரலாற்றையும் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாங்நியோன் ஹேருகா நூலாக்கினார். பேச்சுமொழியின் எளிமையும் தன்னனுபவமும் அப்பாடல்களின் உயிர். சித்தர் பாடல்களில் தோய்ந்த நமக்கு அவை எளிதில் நெருக்கமாகும்.

ஆறாம் தலாய் லாமா சாங்யாங் கியாட்சோவின் (1683–1706) பெயரில் வழங்கும் காதற்பாடல்கள் இன்னொரு வகை. இன்றைய அருணாசலப் பிரதேசத்துத் தவாங் அருகே பிறந்த இவர், துறவுநெறியை மறுத்து, இரவில் லாசா நகரத் தெருக்களில் உலவினார் என்பர். நான்கே அடி, அடிக்கு ஆறே அசை. அணி ஏதும் இல்லை. அரசியற் சூழ்ச்சியால் பதவி பறிக்கப்பட்டு, சீனத்துக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் இளமையிலேயே மாண்டார். ஐந்தாம் தலாய் லாமா தண்டிக்கு உரை எழுதினார். ஆறாமவர் பெயரால் தண்டி தேவைப்படாத பாடல்கள் வழங்குகின்றன. அப்பாடல்களே இன்றும் மக்கள் நாவில் வாழ்கின்றன.

கேசர் மன்னனின் வீரகாவியமோ ஏட்டுக்குள் அடங்காதது. எழுத்தறியாத பாணர்கள் கனவில் பெற்றதாகச் சொல்லிப் பல நாள்கள் தொடர்ந்து பாடும் அக்காவியத்தை 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இராமகதையும் அங்கே உண்டு. சீனத்தின் வடமேற்கில் உள்ள துன்ஹுவாங் குகையொன்றில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடைக்கப்பட்டு 1900இல் திறக்கப்பட்ட சுவடிக்குவியலில் பழந்திபெத்திய இராமகதை ஏடுகளும் கிடைத்தன. அக்கதையில் சீதை தசக்கிரீவனின் மகளாகப் பிறக்கிறாள். தீக்குறியால் அஞ்சிச் செப்புப் பெட்டியில் வைத்து நீரில் விடுகின்றனர். உழவர் எடுத்து வளர்க்கின்றனர். வான்மீகத்திலும் கம்பனிலும் காணாத இக்கதை ஆசியாவின் பல நாடுகளில் வழங்குவதே. இராமாயணங்கள் பல என்பதற்கு இவ்வேடுகளும் சான்று.

நூலைத் தேடியோரும் அதற்காக வாடியோரும்

19ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியரான சோமா தெ கொரோஷ் (1784–1842) தம் இனத்தின் மூலத்தைத் தேடி நடந்தே ஆசியாவுக்கு வந்தார். சான்ஸ்காரின் கடுங்குளிரில் மடத்து அறையொன்றில் அமர்ந்து திபெத்திய மொழி பயின்றார். 1834இல் கல்கத்தாவில் வெளிவந்த அவருடைய அகராதியும் இலக்கணமுமே ஐரோப்பாவில் திபெத்தியக் கல்விக்குக் கால்கோள்.

அடுத்து வந்த சரத் சந்திர தாஸின் (1849–1917) கதை நம்மை உறுத்துவது. வங்கத்தவரான அவர் பிரித்தானிய அரசின் உளவுப்பணியோடும் அறிவு வேட்கையோடும் 1879இலும் 1881இலும் திபெத்துக்குச் சென்றார். 1902இல் வெளிவந்த அவருடைய திபெத்திய அகராதி இன்றளவும் பயன்படுகிறது. ஆனால் அவர் யார் என்பது பின்னர் வெளிப்பட்டபோது, அவருக்கு இடமும் நூலும் தந்து உபசரித்த செங்சென் லாமா ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். அகராதியைப் புரட்டும் கை அந்த உயிரையும் நினைவில் கொள்ள வேண்டும். பிறரது அறிவுத்தேடலின் விலையைப் பெரும்பாலும் உபசரித்தவரே கொடுத்திருக்கிறார்.

'வால்காவிலிருந்து கங்கை வரை' நூலால் தமிழருக்கு நன்கு அறிமுகமான இராகுல சாங்கிருத்தியாயன் 1929 முதல் 1938 வரை நான்கு முறை திபெத்துக்குச் சென்றார். இந்தியாவில் மறைந்துபோன வடமொழிச் சுவடிகளை அங்குள்ள மடங்களில் கண்டெடுத்தார். தர்மகீர்த்தியின் 'பிரமாணவார்த்திகம்' மூலமொழியில் மீண்டது இத்தகைய தேடலால்தான். 1934ஆம் ஆண்டுப் பயணத்தின்போது அவரோடு இந்தியாவுக்கு வந்தவர் கெண்டுன் சோபெல் (1903–1951). 20ஆம் நூற்றாண்டுத் திபெத்தின் ஆகப்பெரிய அறிவாளி இவரே எனலாம். பன்னிரண்டு ஆண்டுகள் இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றிய அவர், தம்மபதத்தைப் பாலியிலிருந்து தாய்மொழிக்குப் பெயர்த்தார். இந்தியாவைப் பற்றித் தம் மக்களுக்கு விரிவான பயணநூல் எழுதினார். துன்ஹுவாங் ஏடுகளைச் சான்றாகக் கொண்டு, புராணம் கலவாத வரலாற்றைத் திபெத்துக்கு எழுதத் தொடங்கினார். கலிம்போங்கில் தர்ச்சின் நடத்திய திபெத்திய இதழில் 1938இல், உலகம் உருண்டை என்று தம்மவருக்கு விளக்கினார். அவ்விதழின் பெயரும் 'மெலோங்' (கண்ணாடி) என்பது நமக்கு மகிழ்வூட்டும் தற்செயல். நாடு திரும்பிய அவரை 1946இல் லாசா அரசு சிறையிலிட்டது. 1949இல் வெளிவந்தவர் உடலும் மனமும் தளர்ந்து 1951இல் மறைந்தார். வரலாற்று நூல் முற்றுப்பெறவில்லை. திபெத்தின் அறிவை ஒடுக்கியோர் அயலார் மட்டும் அல்லர் என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

எரிந்தனவும் மீண்டனவும்

1959 மார்ச்சில் தலாய் லாமா லாசாவை நீங்கினார். அவரைத் தொடர்ந்து ஏறத்தாழ 80,000 பேர் எல்லை கடந்தனர். முதுகில் சுமக்கக்கூடியதை மட்டும் கொண்டுவந்த அம்மக்களில் பலர் சுவடிகளைக் கொண்டுவந்தனர். அங்கேயே தங்கிவிட்ட நூல்களில் பெரும்பகுதி 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில் எரிந்தது. தெர்கே அச்சுக்கூடம் தப்பியது. எண்ணற்ற மடநூலகங்கள் தப்பவில்லை. அவ்வழிவின்போது செரிங் வோசர் என்னும் எழுத்தாளரின் தந்தை எடுத்த ஒளிப்படங்கள் மகளின் தேடலோடு சேர்ந்து 2006இல் தைவானில் நூலாயின. அதற்கு முன்பே, 2003இல், கட்டுரைத் தொகுப்பு ஒன்று தடைசெய்யப்பட்டதால் வோசர் தம் பணியை இழந்திருந்தார்.

நூல்கள் மீண்ட விதம் விந்தையானது. பி.எல். 480 என்றவுடன் நம் முந்தைய தலைமுறைக்கு ரேஷன் கடைக் கோதுமை நினைவுக்கு வரும். அமெரிக்கா அனுப்பிய அத்தானியத்துக்கு இந்தியா ரூபாயில் செலுத்திய தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு, இந்தியாவில் அச்சாகும் நூல்களை அமெரிக்க நூலகங்களுக்கு வாங்க ஏற்பாடு இருந்தது. 1968இல் அப்பணிக்காகத் தில்லி அலுவலகத்தில் சேர்ந்த ஜீன் ஸ்மித் (1936–2010) திபெத்தியம் கற்றவர். அகதிகள் கொண்டுவந்த அரிய சுவடிகளை அவர்களே படியெடுத்து அச்சிட ஊக்கப்படுத்தி, அப்படிகளை வாங்கி அனுப்பினார். பசி தீர்க்க வந்த கோதுமையின் விலை பனிநாட்டுச் சுவடிகளைக் காத்தது. 1999இல் அவர் தொடங்கிய நிறுவனம் பல்லாயிரம் நூல்களை மின்வடிவாக்கி உலகுக்குத் திறந்து வைத்துள்ளது. 1970இல் தர்மசாலாவில் நிறுவப்பட்ட திபெத்திய நூலகமும், கர்நாடகத்தின் பைலகுப்பேயிலும் முண்ட்கோடிலும் மீண்டும் எழுந்த பெருமடங்களும் இப்பணியின் மற்றக் கிளைகள்.

தண்டியை உடைத்த அருவி

நூல்களைக் காப்பது ஒரு பாதி. புதிதாக எழுதுவது மறுபாதி. 1983இல் ஆம்தோ பகுதியைச் சேர்ந்த தோன்ட்ருப் கியால் (1953–1985) என்னும் இளைஞர் 'இளமையின் அருவி' என்னும் கவிதையை வெளியிட்டார். அடிக்கு இத்தனை அசை என்ற கட்டுப்பாட்டை உதறி, அருவியின் வீழ்ச்சியைப் போலவே அடிகள் நீண்டும் குறுகியும் ஓடின. திபெத்தில் புதுக்கவிதை பிறந்தது. அவர் மரபறியாதவர் அல்லர். துன்ஹுவாங் ஏடுகளைப் பயின்றவர். குர் பாடல்களின் வரலாற்றை ஆய்ந்து நூல் எழுதியவர். மரபை முற்றக் கற்றவரே அதை உடைத்தார். 32 வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட அவர், பின்வந்த தலைமுறைக்கு முன்னோடியானார். சிறுகதையாளரும் திரைப்பட இயக்குநருமான பெமா செதென் (1969–2023) அவ்வழியில் வந்தவர்.

இன்று திபெத்திய இலக்கியம் மூன்று மொழிகளில் எழுதப்படுகிறது. தாயகத்தில் திபெத்தியம், சீனம், புலம்பெயர்ந்தோரிடையே ஆங்கிலம். ஆங்கிலத்தில் எழுதும் கவிஞர் தென்சின் சுண்டு சென்னையில் கல்லூரிப்படிப்பு முடித்தவர் என்பது நம்மில் பலர் அறியாதது. ஆனால் தாய்மொழியின் நிலை கவலைக்குரியது. பள்ளிகளில் திபெத்தியம் முறையாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்று கேட்ட தாஷி வாங்சுக் என்னும் சிறுவணிகர் 2016இல் கைதாகி, ஐந்தாண்டுச் சிறைக்குப்பின் 2021இல் விடுதலையானார். அவர் கேட்டது நாடன்று, பாடம். மொழியின் பொருட்டுச் சிறை என்பது என்னவென்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

திபெத்தை அறிய விரும்பும் வாசகர் எங்கே தொடங்குவது? நிலமும் பண்பாடும் அறிய ஆர்.ஏ. ஸ்டைனின் 'திபெத்திய நாகரிகம்' (1962), ஸ்னெல்குரோவ், ரிச்சர்ட்சன் இருவரும் எழுதிய பண்பாட்டு வரலாறு (1968). அண்மைக்கால அரசியலுக்குத் திபெத்தியரான செரிங் சாக்யாவின் நூல் (1999). இலக்கியத்துக்கு மிலரேபாவின் வரலாறும் கெண்டுன் சோபெலின் பயணநூலும். யாவும் ஆங்கிலத்தில் கிடைப்பன. மலைகளையும் மாயங்களையும் தேடுவோர் ஏமாறக்கூடும். மனிதரைத் தேடுவோர் ஏமாற மாட்டார்.

தண்டியலங்காரத்தை அடுத்தமுறை கையில் எடுக்கும்போது, பனிபடர்ந்த மடமொன்றின் வெண்ணெய் விளக்கொளியில், காஞ்சியைக் கண்டிராத மாணவர் ஒருவர் அதே தற்குறிப்பேற்றத்துக்கும் வேற்றுமைக்கும் தம் மொழியில் எடுத்துக்காட்டு எழுதிப் பழகியதை நாம் நினைத்துக்கொள்வோம். அவர்கள் நம் ஊர் நூலை எழுநூறு ஆண்டுகள் படித்தார்கள். அவர்கள் நூல் ஒன்றையேனும் நாம் தமிழில் படிப்பது அந்தக் கடனுக்கு வட்டியாகக்கூடப் போதாது. எனினும் தொடங்கலாம்.